குழாயைச் சோதிக்க இன்ஜின் எதற்கு? கைப் பம்பு போதும்!

கேள்வி: ''உப்பளத்தை ஒட்டி எங்கள் தர்பூசணி நிலம் இருக்கிறது. மேட்டுக் கிணற்றிலிருந்து 250 மீட்டர் தூரத்துக்கு 63 மி.மீ பி.வி.சி குழாய் போட்டிருக்கிறோம். மண் மூடும் முன் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குழாய் முடியும் இடத்தில் கரன்ட் இல்லை. கம்ப்ரஸர் வைத்துக் காற்றடித்துப் பார்க்கலாமா? இன்ஜின் வாடகைக்கு எடுக்க வேண்டுமா?''
- வாசகர், மரக்காணம்.

பதில்: மூடும் முன் சோதிப்பது நல்ல முடிவு. உப்பளப் பகுதியில் கசிவு என்றால் தண்ணீர் வீணாவதோடு முடிவதில்லை. மோட்டார் நின்று குழாய் வடியும்போது, அதே ஓட்டை வழியாக உப்புநீர் உள்ளே வரலாம். அடுத்த பாய்ச்சலில் அது செடியின் வேருக்குப் போய்விடும்.

ஆனால், காற்றடித்து மட்டும் சோதிக்காதீர்கள். காற்று ஸ்பிரிங் போல அமுங்கி நிற்கும். குழாய் உடைந்தால் துண்டுகள் சிதறி உயிருக்கே ஆபத்தாகும். தண்ணீர் கிட்டத்தட்ட அமுங்காது. உடைந்தாலும் கொஞ்சம் பீய்ச்சிவிட்டு அழுத்தம் உடனே இறங்கிவிடும்.

இன்ஜினும் தேவையில்லை. அழுத்தமும் ஓட்டமும் சேர்ந்து கூடினால்தான் அதிகச் சக்தி வேண்டும். சோதனையில் ஓட்டம் மிகக் குறைவு. உங்கள் குழாய் நிரம்ப சுமார் 700 லிட்டர் பிடிக்கும். அதைக் கிணற்று மோட்டாரே நிரப்பிவிடும். அதன்பின் 4.5 கிலோ அழுத்தம் ஏற்ற, ஏறத்தாழ 4 லிட்டர்தான் கூடுதலாகச் செலுத்த வேண்டும். குழாய் சற்று விரிவதால்தான் அந்த அளவும். இதற்குக் கையால் இயக்கும் டெஸ்ட் பம்பு போதும். பைப் வேலை செய்பவர்களிடம் வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள்.

எவ்வளவு அழுத்தம்? 10 மீட்டர் உயரத் தண்ணீர் 1 கிலோ அழுத்தம் தரும். ஓடும்போது குழாயில் 3 கிலோ வருமென்றால், ஒன்றரை மடங்காக 4.5 கிலோவில் சோதியுங்கள். குழாயில் அச்சிட்ட அளவைத் தாண்டக் கூடாது. ஐ.எஸ். 4985 முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

செய்முறை:

* பசை ஒட்டி 24 மணி நேரம் விடுங்கள். குழாயின் நடுப்பகுதிகளில் மண் போட்டு, இணைப்புகளைத் திறந்தே வையுங்கள்.

* 4.5 கிலோ அழுத்தத்தில் கடைசி மூடியை தண்ணீர் சுமார் 140 கிலோ விசையோடு தள்ளும். மூடிக்கும் வளைவுகளுக்கும் நல்ல முட்டுக் கொடுங்கள். மூடிக்கு நேர் எதிரே யாரும் நிற்க வேண்டாம்.

* மெதுவாக நிரப்புங்கள். மேடான இடத்தில் ஒரு குழாய்த் திருகை வைத்து, குமிழி இல்லாமல் தண்ணீர் வரும்வரை காற்றை வெளியேற்றுங்கள்.

* பம்பில் 10 கிலோ வரை காட்டும் பிரஷர் கேஜ் பொருத்துங்கள். முள் நடுப்பகுதியில் நின்றால் அளவு தெளிவாகத் தெரியும்.

* காலையில் சோதியுங்கள். வெயிலில் பி.வி.சி இளகும். முதலில் முள் சிறிது இறங்கினால், அது குழாய் விரிவதாக இருக்கலாம். மறுபடியும் ஏற்றி வால்வை மூடி, ஒரு மணி நேரம் பாருங்கள். முள் தொடர்ந்து இறங்கினால் ஒவ்வொரு இணைப்பாகத் துடைத்துப் பாருங்கள். ஈரம் துளிர்க்கும் இடம்தான் கசிவு. அழுத்தத்தை முழுதும் இறக்கிய பிறகே அதைச் சரிசெய்யுங்கள்.

உப்புக் காற்றில் பம்பும் கேஜும் சீக்கிரம் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவி வையுங்கள்.