உடன் நின்றவர் பெயர் என்ன?

சேரப்பணஞ்சேரியிலிருந்து படப்பை வழியே சென்றால் மணிமங்கலம் அதிகத் தொலைவில்லை. சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, ஏழு வயதுப் பேரனுடன் இராஜகோபாலப் பெருமாளைச் சேவிக்கச் சென்றிருந்தேன். சங்கும் சக்கரமும் கரம் மாறி ஏந்தி நிற்கும் எம்பெருமானைக் கண்குளிரச் சேவித்தபின், கோயிற்சுவரின் கல்வெட்டுகளை அவனுக்குக் காட்டினேன்.

1054ஆம் ஆண்டு சோழரும் சாளுக்கியரும் பொருத கொப்பத்துப் போரை இக்கோயிற் கல்வெட்டொன்று விரித்துரைக்கிறது. அப்போரில் யானைமீதிருந்தபடியே உயிர்நீத்தான் முதலாம் இராசாதிராசன். ‘யானைமேல் துஞ்சிய தேவர்’ என்று பின்வந்தோர் அவனைப் போற்றினர். தம்பி இரண்டாம் இராசேந்திரன் போரைத் தொடர்ந்து வென்றான். அவன் தொடையிலும் தோளிலும் அம்புகள் தைத்தன. அவனுடன் யானையேறிய வீரர்கள் மடிந்தனர்.

கதையைக் கேட்ட பேரன் வினவினான்: “தாத்தா, ராஜாகூட யானைமேல இருந்தவங்க பேரு என்ன?”

எனக்கு விடை தெரியவில்லை. கல்லிலும் அவர்கள் பெயர் இல்லை.

அன்பர்களே, சந்நிதியில் அர்ச்சனைத் தட்டை நீட்டும்போது பெயரும் நட்சத்திரமும் சொல்கிறோம். பெயர் சொல்லி வேண்டுவது நம் மரபு. நாட்டுக்காக நின்றவர்களை மட்டும் ‘வீரர்கள்’ என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடலாமா?

தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில் பயின்ற மேஜர் முகுந்த் வரதராஜன், 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரத்துச் சோபியான் பகுதியில் வீரமரணம் எய்தினார். அவருக்கு அசோகச் சக்கர விருது வழங்கப்பெற்றது. அவர் பெயரை இன்று சிறுவரும் அறிவர். அதே மோதலில் உயிர்நீத்த சிப்பாய் விக்ரம் சிங்கின் பெயரையும் சேர்த்தே சொல்லிக்கொடுப்போம்.

குழந்தைகளிடம் குருதியையும் பகைமையையும் விவரிக்க வேண்டா. ‘நாம் உறங்கும்போது ஒருவர் விழித்திருந்தார், அவருக்கும் வீடு உண்டு, அம்மா உண்டு’ என்றால் போதும். டிசம்பர் 7, படைவீரர் கொடி நாள். அன்று உண்டியலில் நாணயம் இடும் பிஞ்சுக் கையைப் பற்றிக்கொண்டு, அது யாருக்காக என்று சொல்லுங்கள்.

எங்கள் தெருவில் முன்னாள் படைவீரர் ஒருவர் வசிக்கிறார். நாள்தோறும் ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றுக்குக் காவற்பணிக்குச் செல்பவர். ஆண்டுக்கணக்கில் அவருக்குத் தலையசைத்திருக்கிறேனே தவிர, ஒருநாளும் பெயர் கேட்டதில்லை. மணிமங்கலத்திலிருந்து திரும்பிய மாலை, பேரன் அவர் எதிரில் கைகூப்பி நின்றான்.

“மாமா, உங்க பேரு என்ன?”

சொன்னார். சற்று மௌனமாக இருந்தவர், எல்லையில் தம்மோடு இருந்து திரும்பி வராத நண்பர் ஒருவர் பெயரையும் சொன்னார். நான் தலைகுனிந்தேன்.

அடுத்த சனிக்கிழமை அந்நண்பருக்காக மோட்ச தீபம் ஏற்றினோம். பெயரை உரக்கச் சொன்னவன் பேரன்தான்.