கூட்டமைப்பை அளக்கும் கோல்

இயற்கை தந்த வளத்தை ஒரு தலைமுறையே உண்டு தீர்த்துவிடாமல், பின்வருவோர்க்கும் எஞ்சுமாறு வாழக் கற்பிப்பது வளங்குன்றா வளர்ச்சிக்கான கல்வி எனப்படும். இக்கல்வியைப் பரப்புதற்கென ஐக்கிய நாடுகள் அவை 2005 முதல் 2014 வரையுள்ள பத்தாண்டுகளை ஒதுக்கிற்று. அதன் தொடக்கத்திலேயே ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகம் ‘வட்டார வல்லுநர் மையம்’ என்னும் ஏற்பாட்டைத் தோற்றுவித்தது. மையம் என்ற பெயரைக் கேட்டுப் பெரியதொரு மாளிகையை எண்ணிக்கொள்ளுதல் கூடாது. ஒரு வட்டாரத்துப் பள்ளிகளும் பல்கலைக்கழகமும் நகராட்சியும் உழவரும் மீனவரும் இக்கல்வியின் பொருட்டுத் தம்முள் கொள்ளும் தொடர்பே அஃது. 2005ஆம் ஆண்டில் ஏழு வட்டாரங்கள் முதற்கண் ஏற்கப்பெற்றன. இன்று உலகெங்கும் உள்ள மையங்கள் 150க்கும் மேற்பட்டன.

இத்தகைய கூட்டமைப்பு நற்பயன் தந்ததா என்பதை எவ்வாறு அறிவது? உறுப்பினர் எத்துணையர், கூட்டங்கள் எத்தனை, வெளியிட்ட ஏடுகள் எத்தனை என்று எண்ணிக் காட்டுதல் பெருவழக்காக உள்ளது. நாற்றங்காலில் நாற்றை எண்ணியவன் களத்தில் நெல்லை அளந்தவன் ஆகான். மேலும் அவ்வெண்ணிக்கையைத் தருவோரும் பெரும்பாலும் அக்கூட்டமைப்பினரே. தன் விடைத்தாளைத் தானே திருத்தும் மாணவன் குறைந்த மதிப்பெண் இட்டுக்கொள்வது அரிது. தனித்தனியே நின்றபோது செய்யவியலாத எதனை இவர்கள் சேர்ந்து நின்று செய்தனர் என்று வினவுதலே தக்கது.

முதல் ஏழனுள் ஒன்றாகிய ஜப்பான் நாட்டுச் சென்டாய் வட்டாரத்தை இவ்வினாவால் ஆராயலாம். சென்டாய் என்னும் பெருநகரும், கெசென்னுமா என்னும் மீன்பிடி துறையும், தஜிரி என்னும் நெல்விளை பகுதியும் இதில் அடங்கும். மியாகி கல்வியியற் பல்கலைக்கழகம் இவற்றோடு இணைந்து நிற்கிறது.

கெசென்னுமா விரிகுடாவில் சிப்பி வளர்த்தலைத் தொழிலாகக் கொண்டவர் ஹத்தகேயாமா சிகேயாட்சு. கடல்நீர் கெட்டுச் சிப்பிகள் செந்நிறம் படிந்து விலைபோகாத காலத்தில், நோய் கடலில் இருப்பினும் அதன் மூலம் ஆற்றின் வழியே மேலே உள்ளது என அவர் உணர்ந்தார். மலைக்காட்டில் இலைகள் மட்கிய மண்ணினின்று வரும் சத்துக்களை ஆறு கடலுக்குக் கொணர்கிறது. அவற்றால் நுண்ணுயிர்ப் பாசிகள் வளர்கின்றன. அப்பாசிகளே சிப்பிக்கு உணவு. ஆகவே 1989ஆம் ஆண்டில் மீனவர்கள் மலையேறி முரோனே மலையில் மரம் நட்டனர். அம்மலை இவாத்தே என்னும் வேறொரு மாகாணத்தது. ஆற்றுக்கு அவ்வெல்லை ஒரு பொருட்டன்று. பின்னர் மலையோரப் பள்ளிச் சிறார் கடற்கரைக்கு அழைத்துவரப்பட்டு, தம் ஊர் ஆறு சேரும் இடத்தைக் கண்ணாற் கண்டனர்.

இவையெல்லாம் வட்டார மையம் தோன்றுதற்குப் பல்லாண்டு முன்னரே தொடங்கியவை. ஆதலின் இப்பெருமையை மையத்தின் கணக்கில் எழுதுதல் முறையன்று. பிறர் நட்ட மரத்தின் நிழலைத் தமதென்று பட்டா எழுதிக்கொள்வது போன்றதாகும் அது. எழுதாவிடின் மையத்திற்குரிய வேலை ஒன்றுமில்லையோ எனின், உண்டு. ஒருவரது ஊக்கம் அவரோடு மறையாதவாறு அதனைப் பள்ளிப் பாடமாக்கி, ஆசிரியர் மாறினும் மாறாது நிலைபெறச் செய்தல் தனியொருவரால் ஆகாது. அதனைச் செய்தனரா என்றே பார்க்கவேண்டும்.

தஜிரியின் கதை வேறு. அங்குள்ள கபுக்குரி ஏரிக்குக் குளிர்காலத்தில் வடபுலத்தினின்று பல்லாயிரம் காட்டுவாத்துகள் வருகின்றன. அவற்றைக் கதிர் தின்னும் பகையாகக் கருதிய உழவர், அறுவடைக்குப்பின் வயலில் நீர் தேக்கி அவற்றுக்கு இடமளிக்கத் தலைப்பட்டனர். 2005ஆம் ஆண்டில் அவ்வேரி, சூழ்ந்துள்ள நெல்வயல்களோடு சேர்த்து, ராம்சார் உடன்படிக்கையின்கீழ்க் காக்கத்தக்க ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. சென்டாய் நகரத்துச் சிறுவன் தன் கலத்திலுள்ள சோற்றுக்கும் அவ்வாத்துகளுக்கும் உள்ள உறவை அறிந்துள்ளானா? அறியானாயின், மூன்று ஊர்களின் பெயரை ஒரே தாளில் எழுதியதனால் ஆய பயன் என்னை?

2011ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை கெசென்னுமாவைச் சிதைத்தது. சிப்பி வளர்த்த மிதவைகள் யாவும் அழிந்தன. ஆயினும் அவ்வாண்டும் மலையில் மரம் நடுதல் நிற்கவில்லை. பின்னர்க் கரையோரம் முழுதும் உயர்ந்த தடுப்புச் சுவர் எழுப்ப அரசு திட்டமிட்டது. ஹத்தகேயாமாவின் ஊராகிய மோனேயில் ஏறத்தாழ 10 மீட்டர் உயரச் சுவர் வருவதாக இருந்தது. ஊரார் கூடி, தாங்கள் மேட்டுநிலத்திற்குக் குடிபெயர்வதாகவும், சுவர் வேண்டா எனவும் கேட்டுக்கொண்டனர்; அரசும் இசைந்தது. நிலநடுக்கத்தால் தாழ்ந்து கடல்நீர் புகுந்த நிலம் அங்கே சதுப்பாகவே விடப்பட்டது.

சுவரை ஏற்றுக்கொண்ட ஊர்களும் அக்கரையில் உள. உற்றாரை அலைக்குப் பறிகொடுத்தோர் சுவர் கேட்டனராயின் அவர்களை அறியாதார் என்றல் தகாது. இருசாராரும் காட்டையும் ஆற்றையும் கடலையும் ஒருங்கு வைத்து எண்ணிப் பார்த்தே முடிவுசெய்தனரா, அவ்வாறு எண்ணும் பழக்கம் அவர்தம் மக்கள் பயின்ற பள்ளியினின்று வீட்டிற்கு வந்ததா என்பதே வினா. இதற்கு விடை ஆண்டறிக்கையில் கிடைக்காது. மதிப்பிட வருவோர் கெசென்னுமாவில் சில திங்கள் தங்கி, மாணவரோடும் அவர்தம் பெற்றோரோடும் பழகிக் கேட்டறிதல் வேண்டும்.