வாவியில் படகு எந்தக் கரையைச் சேர வேண்டும்?

மட்டக்களப்பு வாவியில் படகுச் சுற்றுலாவை வளர்ப்பது பற்றிப் பேசப்படும்போதெல்லாம் எத்தனை படகுகள், எத்தனை பயணிகள், எவ்வளவு வருமானம் என்பவையே முன்னுக்கு வருகின்றன. படகை எங்கே கட்டுவது, ஆட்களை எங்கே இறக்குவது என்பது பொறியியலாளரின் வேலையாகக் கடைசியில் ஒதுக்கப்படுகிறது. ஆனால் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிப்பது அதுதான். இறங்குதுறை எந்தக் கரையில் அமைகிறதோ அந்தக் கரைக்கே கடையும் வேலைவாய்ப்பும் வீதியும் மின்விளக்கும் போய்ச் சேரும்.

ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமான இந்த வாவிக்கு இரண்டு கரைகள். கடற்பக்கம் எழுவான்கரை, வயற்பக்கம் படுவான்கரை. சூரியன் எழும் திசையையும் படும் திசையையும் வைத்து வந்த இப்பெயர்கள், போர்க்காலத்தில் இரண்டு ஆட்சிகளின் பெயர்களாக மாறின. எழுவான்கரை அரச கட்டுப்பாட்டிலும் படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளின் கட்டுப்பாட்டிலும் இருந்தன. 2007இல் அந்நிலை முடியும் வரை, நெல்லும் நோயாளியும் பாடசாலைப் பிள்ளையும் சோதனையைத் தாண்டித்தான் கரை மாற முடிந்தது.

ஆகவே இந்த வாவியில் துறை என்பது படகு கட்டும் இடம் மட்டுமல்ல. 1991 ஜூன் 12 அன்று மண்முனைத்துறைக்கு அருகே குண்டு வெடித்து இரண்டு இராணுவத்தினர் இறந்ததைத் தொடர்ந்து, மகிழடித்தீவிலும் கொக்கட்டிச்சோலைப் பகுதியிலும் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். ஜனாதிபதி ஆணைக்குழு விசாரித்த அந்தப் படுகொலையை அவ்வூர் மக்கள் இன்றும் நினைவுகூருகிறார்கள். அவ்வழியாகச் சுற்றுலாப் படகு போகக்கூடாது என்பதில்லை. அங்கே எதை அமைப்பது, எதைச் சொல்வது என்பதில் அவ்வூராரின் சொல்லே முதற்சொல்லாக இருக்க வேண்டும்.

2014 ஏப்ரலில் ஜப்பானிய உதவியுடன் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. அதற்குப் பின்னரும் குருமண்வெளி - மண்டூர், குருக்கள்மடம் - அம்பிளாந்துறை போன்ற இடங்களில் ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகு மக்களுக்குத் தேவைப்பட்டது. மண்டூர் முருகன் கோயில் திருவிழாவுக்குப் போகும் அடியாரும் அறுவடை நெல்லை ஏற்றும் விவசாயியும் அதையே நம்பினார்கள்.

அந்த நம்பிக்கை எவ்வளவு ஆபத்தானதாக மாறக்கூடும் என்பதை 2021 நவம்பர் 23 காட்டியது. திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியாவில், குறிஞ்சாக்கேணிப் பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில் மாற்றாக ஓடிய மிதவைப் படகு கவிழ்ந்து, பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தார்கள். எத்தனை பேரை ஏற்றலாம், உயிர்காப்பு அங்கி எங்கே, அனுமதி கொடுத்தது யார் என்ற கேள்விகள் பிள்ளைகளை அடக்கம் செய்த பின்னரே உரத்து எழுந்தன.

வெளிநாட்டுப் பயணி ஏறும் படகில் உயிர்காப்பு அங்கி இருக்கும். இருக்கத்தான் வேண்டும். அதே நீரைத் தினமும் கடக்கும் மாணவிக்கு அது இல்லையென்றால், நாம் வாவிக்கு இரண்டு சட்டங்களை எழுதுகிறோம் என்பதே அர்த்தம். எனவே சுற்றுலாவுக்கென ஒதுக்குப்புறமாகப் புதிய துறைகளைக் கட்டுவதைவிட, மக்கள் ஏற்கெனவே பயன்படுத்தும் துறைகளைத் திருத்துவதே நியாயமானது. ஒரே மேடை, ஒரே விளக்கு, ஒரே பாதுகாப்பு விதி. காலையில் மாணவர் ஏறட்டும், பிறகு பயணி ஏறட்டும்.

இடத்தேர்வில் நீரின் குணத்தையும் பார்க்க வேண்டும். இது ஆழம் குறைந்த வாவி. கோடையில் முகத்துவாரம் மணலால் அடைபடும். மாரியில் வெள்ளம் பெருகும்போது அதை வெட்டித் திறப்பார்கள். வயல் மூழ்குவதால் சீக்கிரம் வெட்டச் சொல்லும் விவசாயிக்கும், உப்புநீரும் இறாலும் கணக்கில் நிற்கும் மீனவருக்கும் இடையே அந்நாள் எப்போதும் இழுபறிதான். நீர்மட்டம் இப்படி ஏறி இறங்கும் இடத்தில் உயரம் மாறாத கொங்கிறீற் மேடை ஒரு பருவத்தில் மூழ்கும், மறுபருவத்தில் எட்டாத உயரத்தில் நிற்கும். நீரோடு சேர்ந்து ஏறி இறங்கும் மிதவை மேடையே பொருத்தம். கண்டல் மரங்களை வெட்டித் துறை அமைப்பது, கரையையும் மீன்குஞ்சு வளரும் இடத்தையும் சேர்த்து அழிப்பதாகும்.

பயண நேரமும் அப்படித்தான். மாலையில் வலை விரித்து விடியலில் எடுக்கும் வாவி இது. அந்நேரங்களில் இயந்திரப் படகை ஓட்டினால் வலை அறும், அன்றைய அடுப்பு எரியாது. வலைகள் எழுந்த பிறகு, காலைப்பொழுதில் புறப்படுவதே முறை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் அகன்ற நீர்ப்பரப்பில் நெடுந்தூரம் போவதைத் தவிர்க்க வேண்டும். பூரணை இரவில் கல்லடிப் பாலத்தருகே மீன் பாடுவதைக் கேட்க வருவோரை, இயந்திரமில்லாத வள்ளத்தில் மீனவரே அழைத்துச் செல்லலாம். இயந்திர இரைச்சலில் எந்தப் பாட்டும் கேட்காது. கூலியும் வாவியை அறிந்தவரின் கைக்கே போகும்.

இதற்கெல்லாம் பெருந்தொகை முதலீடு முதல் நிபந்தனை அல்ல. கடற்றொழில் திணைக்களம், பிரதேச செயலகங்கள், இரு கரைகளின் உள்ளூராட்சி சபைகள், மீனவர் சங்கங்கள், மாதர் சங்கங்கள் ஆகியோர் ஒரே மேசையில் அமர்ந்து வாவியின் துறைகளை வரைபடத்தில் குறிக்க வேண்டும். குத்தகை கொடுக்கப்படுமானால் நிபந்தனைகள் தமிழில், பகிரங்கமாக வெளியாக வேண்டும். கரையோரக் காணியைச் சுற்றி வேலி எழுந்த பிறகு கேள்வி கேட்பது எவ்வளவு தாமதம் என்பதைக் கடற்கரைகளில் பார்த்துவிட்டோம்.

போர் இந்த வாவியை எல்லைக் கோடாக்கியது. சுற்றுலா அதை நகரத்துக் கரையின் காட்சிப்பொருளாக மட்டும் ஆக்கிவிட்டால், படுவான்கரை மீண்டும் தூரத்தில் தெரியும் கரையாகவே நின்றுவிடும். முதற்படகு அங்கே கட்டப்படட்டும்.