பூவில் விழும் பல்லி

பல்லி தலையில் விழுந்தால் ஒரு பலன், தோளில் விழுந்தால் ஒரு பலன் என்று நம் பஞ்சாங்கங்கள் பக்கம் ஒதுக்கி எழுதிவைத்திருக்கின்றன. பூவில் விழுந்தால் என்ன என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை. மொரீஷியஸ் காட்டில் அதற்குப் பதில் உண்டு: காய் பிடிக்கும்.

அங்கிருப்பது நம் சுவர்ப்பல்லி அல்ல. பச்சை உடம்பும் நீல வாலுமாக, பட்டப்பகலில் வெயில் காயும் பகல்பல்லி. தேன் என்றால் அதற்கு உயிர். ட்ரோகெட்டியா வகையில் அத்தீவுக்கே உரிய செடி ஒன்று, நம் செம்பருத்திக்குத் தூரத்துச் சொந்தம். அதன் தேனுக்கு நிறம் உண்டு. நிறமில்லாத தேனை விட்டுவிட்டு நிறமுள்ளதையே பல்லி தேடிப் போகிறது என்று டென்னிஸ் ஹான்சனும் அவரோடு வேலை செய்தவர்களும் சோதித்துக் காட்டினார்கள். 2007இல் அவர்கள் வெளியிட்ட இன்னொரு ஆய்வு எனக்கு இதைவிடப் பிடித்தது. தாழம்புதரை ஒட்டி நிற்கும் ட்ரோகெட்டியாவில் காய் அதிகம். தள்ளி நிற்பதில் குறைவு. வல்லூறுக்குப் பயந்த பல்லி தாழையின் முள்மடல்களுக்குள் குடியிருக்கிறது, அங்கிருந்து ஓடிப் போய் ஓடி வரக்கூடிய தூரத்துப் பூக்களைத்தான் தொடுகிறது. தாழையை வெட்டினால் போதும், ட்ரோகெட்டியா மேல் யாரும் கை வைக்காமலே அதன் வம்சம் சுருங்கிவிடும்.

ரூசியாவின் கதை இன்னும் மோசம். தாவரங்கள் மேல் பித்தாக இருந்த ரூசோவின் பெயரைத் தாங்கிய கொடி இது. தன் பேரினத்தில் இது ஒன்றே ஒன்றுதான். இதன் மகரந்தத்தைச் சுமப்பதும் நீலவால் பல்லிதான், பழுத்த பிறகு கசியும் கூழை நக்கி விதைகளைக் கொண்டுபோய்ப் போடுவதும் அதே பல்லிதான். இரண்டு வேலைக்கும் ஒரே ஆள். இந்த இடத்தில் வந்து சேர்ந்தது வெளியூர் எறும்பு, டெக்னோமைர்மெக்ஸ் அல்பிபெஸ். வெண்டைக்கும் செம்பருத்திக்கும் மருந்தடித்து அலுத்தவர்களுக்கு எறும்பும் மாவுப்பூச்சியும் செய்துகொண்டிருக்கும் ஒப்பந்தம் தெரியும்: பூச்சி இனிப்பு தரும், எறும்பு காவல் நிற்கும். ரூசியாவின் பூவிலும் காயிலும் மாவுப்பூச்சியை வைத்துக்கொண்டு, அதற்கு மேல் மண்ணால் கூரையும் கட்டிவிடுகிறது இந்த எறும்பு. தேன் குடிக்க வரும் பல்லியை மொய்த்துக் கடிக்கிறது. பல்லி சாகவில்லை, வருவதை நிறுத்திவிடுகிறது. பூவும் இருக்கிறது, பல்லியும் இருக்கிறது, நடுவில் எறும்பு உட்கார்ந்திருக்கிறது. உயிரினங்களை எண்ணிக்கை எடுத்துக் கணக்கு பார்ப்பவர்கள் இந்த நஷ்டத்தைக் கடைசியில்தான் காண்பார்கள்.

‘தேனீக்களைக் காப்போம்’ என்று கிண்ணத்திலும் சட்டையிலும் அச்சடித்து விற்கிறார்களே, அந்த முழக்கத்தின் மேல் எனக்குச் சலிப்பு வந்ததே இதைப் படித்த பிறகுதான். கண்டங்களில் அது சரியாக இருக்கலாம். மொரீஷியஸில் வளர்ப்புத் தேனீக்கள் காட்டு மரங்களின் தேனை உறிஞ்சி முடித்துவிட்டால், அந்தப் பூக்களை நம்பிய வெள்ளைக்கண்ணிப் பறவைகளுக்கு மிஞ்சுவதில்லை என்று 2002இலேயே எழுதியிருக்கிறார்கள். அழிவின் விளிம்பில் இருக்கும் ஆலிவ் வெள்ளைக்கண்ணிக்கு ஏற்கெனவே எலி ஒரு எமன். அதன் காட்டுக்கு அருகே தேனீப்பெட்டி வைப்பது தொண்டு ஆகாது.

காடு என்கிறேன். தீவில் நல்ல நிலையில் உள்ள பூர்வகாடு இரண்டு சதவீதம்கூட இல்லை. கரும்பு தின்றது போக மிஞ்சியதைத் தின்பது பிரேசிலிலிருந்து வந்த சீனக் கொய்யா. ஆனால் அங்குள்ளவர்களிடம் அதைத் திட்டிப் பாருங்கள்! பருவம் வந்தால் குடும்பம் குடும்பமாக மலைக்குப் போய்ப் பறித்து, உப்பும் மிளகாயும் புளியும் போட்டுப் பிசைந்து தின்கிறார்கள். அங்குள்ள தமிழர்களுக்கும் அது சொந்த ஊர்ப் பழம்தான். இன்னொரு கொடுமைக்காரப் புதர், லிகுஸ்ட்ரம், இலங்கையிலிருந்து போனது. அதன் பழத்தைத் தின்று விதையை ஊரெல்லாம் எச்சமிடுவது செம்மீசைச் சின்னான், நம் ஊட்டி, கொடைக்கானல் பக்கம் கொண்டையை ஆட்டிக்கொண்டு பாடுகிற அதே பறவை. இந்தப் பட்டியலில் நம் பக்கத்துச் சரக்கு கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது.

சேஷெல்ஸிலும் அப்படியே. மாஹே தீவின் பாறைக் குன்றுகளில் கொடி நாட்டியிருப்பது பதினெட்டாம் நூற்றாண்டில் கொண்டுபோய் நட்ட இலவங்கப்பட்டை. கிறிஸ்டோஃபர் கைசர்-பன்பரியின் குழு எட்டுக் குன்றுகளை எடுத்துக்கொண்டு, நான்கை அப்படியே விட்டு, மற்ற நான்கில் ஏறக்குறைய 40,000 அந்நியச் செடிகளை அப்புறப்படுத்தியது. பிறகு மாதக்கணக்கில் பூக்களின் முன்னால் உட்கார்ந்து யார் யார் வருகிறார்கள் என்று குறித்தது. சுத்தம் செய்த குன்றுகளில் வந்த பூச்சி வகையும் கூடியது, வரவும் கூடியது, காயும் கூடியது. 2017இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது.

மொரீஷியஸிலும் பிளாக் ரிவர் பள்ளத்தாக்குப் பூங்காவில் வேலி போட்டுக் களை எடுக்கிறார்கள். சின்னானுக்கு வேலி கிடையாது; ஆகவே ஒருமுறை எடுத்த இடத்திலேயே மறுபடியும் எடுக்க வேண்டியிருக்கிறது. கொய்யாவையும் லிகுஸ்ட்ரத்தையும் கத்தியால் வெட்டலாம். ரூசியாவின் மேல் மண்வீடு கட்டிய எறும்புக்கு அந்தக் கத்தி உதவாது.