பெயரிலிருந்து போன பிள்ளை

2022 மே 15 அன்று வத்திக்கானில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்தவரின் பெயர் தேவசகாயம். குமரி மாவட்டத்து மக்களுக்கோ தலைமுறை தலைமுறையாக அவர் தேவசகாயம் பிள்ளை. சாதிப் பெயர் வேண்டாம் என்று இங்கிருந்து போன முறையீட்டை ஏற்று ரோம் அதை நீக்கியது. நல்ல முடிவு. ஆனால் அத்தோடு கணக்குத் தீர்ந்தது என்றொரு நிம்மதி திருச்சபைக்குள் தெரிகிறதே, அதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனை ஊழியர். குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின்னர் திருவிதாங்கூர்ப் படையை நடத்திய டிலனாய் வழியாகக் கிறிஸ்துவை அறிந்தார். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்கு; நான்கு ஆண்டுகளில் கைது; 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். சாதி பாராமல் எல்லோரும் சமம் என்று அவர் பேசியதே மேல்சாதியாரின் வெறுப்பைத் தூண்டியது என்று வத்திக்கானின் வாழ்க்கைக் குறிப்பே சொல்கிறது.

அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 19ஆம் நூற்றாண்டில் ஒரு கோயில் எழுந்தது. பீடம் ஒன்று, அதிலிருந்து விரியும் கூடங்கள் இரண்டு. ஒன்றில் வெள்ளாளர் தரப்பு, மற்றதில் நாடார் தரப்பு. பூசை வைக்கும் குருவானவரை இரு பக்கமும் பார்க்கலாம், ஒருவரையொருவர் பார்க்க முடியாது. ‘கால்சட்டைக் கோயில்’ என்று ஊர் சொல்லும் அந்தக் கட்டடம் யாரோ அறியாமல் செய்த பிழையன்று. யோசித்து, வரைந்து, காசு செலவழித்துக் கட்டியது. தடுப்பை 1910இல் இடித்தவர்களும் குருக்கள்தாம் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. இடித்ததை எதிர்த்து ஒரு தரப்பு வழக்குப் போட்டது. சென்னை உயர் நீதிமன்றம் வரை போயும் அது எடுபடவில்லை. இந்தக் கதையைப் புனிதரின் வாழ்க்கையோடு சேர்த்துச் சொல்லும் மறையுரை எதையும் நாம் கேட்டதில்லை.

பழங்கதை என்று ஒதுக்கவும் வழியில்லை. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்துச் சுவர் செத்தவர்களையும் சாதி பார்த்துப் பிரித்தது. எறையூரில் தனிப் பங்கு கேட்ட தலித் கிறிஸ்தவர்களோடு மூண்ட மோதல், 2008இல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்களைக் கொண்டுபோனது. சாதிப் பாகுபாடு திருச்சபைக்குள் இருக்கிறது என்று இந்திய ஆயர் பேரவை 2016இல் ஆவணமே வெளியிட்டது. ஆவணம் நேர்மையானதுதான். ஆனால் எந்த ஊர், எந்தப் பங்கு, யார் பொறுப்பு என்று கேட்கும்போது பேச்சு பொதுவாகிவிடுகிறது.

திருச்சபைக்கு விசாரிக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஒருவரைப் பீடத்தில் ஏற்றுமுன் எழுத்துகளைத் துருவுவார்கள், சாட்சிகளைச் சத்தியத்தின் பேரில் விசாரிப்பார்கள், குணமான நோயை மருத்துவர் குழுவிடம் காட்டி விளக்கம் கேட்பார்கள். பாதகமான சான்றையும் மறைக்கக் கூடாது என்பது விதி. ஒரு தனிமனிதரின் நற்குணத்தை உறுதிசெய்ய இத்தனை கறாராக இருப்பவர்கள், தம் பங்குகளின் மேல் அதே கறாரைத் திருப்பினால் என்ன?

இப்படியெல்லாம் எழுதுவது வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கொடுப்பது என்பார்கள். மதமாற்ற எதிர்ப்பாளர்கள் இதை எடுத்து வீசுவார்கள்தான். அவர்கள் வீசுவார்கள் என்பதற்காக, தனி வழியில் பிணம் தூக்கிப் போகிறவரைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வதற்கு நமக்கு வாய் வரவில்லை.

மறைமாவட்டம்தோறும் ஒரு விசாரணை வேண்டும். சப்பரம் எந்தத் தெருவுக்குள் போவதில்லை, யாரை எந்த மூலையில் புதைத்தார்கள், பங்குப் பேரவையில் யாருக்கு இதுவரை இடமில்லை என்று பதிவேடுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். விசாரிப்பவர்களில் வெளி மறைமாவட்டத்தாரும் தலித் பொதுநிலையினரும் இருக்க வேண்டும். கண்டதை ஊர்ப் பெயரோடு அச்சிட வேண்டும். முதல் கோப்பை எங்கே திறப்பது என்று ஆயர்கள் குழம்ப வேண்டியதில்லை. வடக்கன்குளத்து வழக்கின் தீர்ப்பு நூலகங்களில் அச்சாகவே கிடைக்கிறது.