சமர்த்தாக வீட்டில் இருக்கிறான்

அக்டோபர் 10 வந்தால் உலக மனநல நாள் என்று எங்கள் ஊரில் ஒரு கூட்டம் நடக்கும். பன்னிரண்டு வருடமாகப் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். பேச்சாளர்கள் மாறுகிறார்கள், பேச்சு மாறுவதில்லை. மேல்நாட்டில் மனநோய் வந்தவனைத் தெருவில் விட்டுவிடுகிறார்கள், நம் நாட்டில் குடும்பம் தாங்குகிறது, அதனால்தான் மனச்சிதைவு இங்கே சீக்கிரம் குணமாகிறது, உலக சுகாதார நிறுவனமே இதைச் சொல்லிவிட்டது, குடும்பமே மருந்து. இந்த இடத்தில் மண்டபம் கைதட்டும். நான் ஒரு தடவைகூடத் தட்டியதில்லை.

என் தம்பிக்கு இருபது வயதில், பொறியியல் மூன்றாம் ஆண்டில் அந்த நோய் வந்தது. விடுதிச் சுவருக்குள்ளிருந்து யாரோ தன் பெயரைச் சொல்லிப் பேசுகிறார்கள் என்றான். மந்திரித்தோம், தாயத்துக் கட்டினோம், ஒரு கோயிலில் நாற்பத்தெட்டு நாள் தங்கினோம். டாக்டரிடம் போனபோது ஆறு மாதம் ஓடியிருந்தது. மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதத்தில் குரல்கள் அடங்கிவிட்டன. தூங்கினான், குளித்தான், தட்டில் வைத்ததைச் சாப்பிட்டான். விசாரிக்க வந்தவர்களிடம் அம்மா சொன்னாள்: "இப்ப தேவல. சமர்த்தா வீட்டுல இருக்கான்." ஒன்பது வருடம் அப்படியே இருந்தான். மேடையில் குணம் என்று சொல்வது அந்த ஒன்பது வருடத்தைத்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் பெயரை இவ்வளவு உரிமையோடு எடுப்பவர்கள் அந்த ஆய்வைப் படித்திருக்க வேண்டும். 1960களின் இறுதியில் ஒன்பது நாடுகளில் தொடங்கிய ஆய்வு அது. இந்தியாவில் ஆக்ராவில் நடந்தது. அடுத்த ஆய்வில் சண்டிகர் சேர்ந்தது. ஏழை நாடுகளில் நோயின் போக்கு சற்று நன்றாக இருக்கிறது என்று கண்டார்கள். அதற்குக் காரணம் குடும்பம்தான் என்று அந்த எண்கள் எங்கும் நிரூபிக்கவில்லை. அந்த இடைவெளியை நிரப்பியது நம் பேச்சாளர்களின் ஆசை. 2008இல் பதினொரு நாடுகளின் 23 நெடுங்கால ஆய்வுகளை எடுத்துவைத்து, 'ஏழை நாடுகளில் நன்றாகக் குணமாகிறது' என்பதை வேதவாக்காகக் கொள்ள முடியாது என்று நால்வர் எழுதினார்கள். அந்த நால்வரில் ஒருவர் சென்னை டாக்டர் ஆர். தாரா. நம் ஊர்க்காரர் எழுதிய மறுப்பு நம் ஊர் மேடைக்கு இன்னும் வந்து சேரவில்லை. 1980களின் தொடக்கத்தில் சென்னையில் முதல் முறை நோய் வந்து சிகிச்சைக்கு வந்த 90 பேரை அவரும் சகாக்களும் பின்தொடர்ந்தார்கள். இருபது ஆண்டு கழித்து அவர்களால் பார்க்க முடிந்தது 61 பேரை. மற்றவர்களில் இறந்தவர்கள் உண்டு, தற்கொலை செய்துகொண்டவர்களும் உண்டு. கைதட்டும்போது அவர்களையும் எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும்.

நம் குடும்பங்கள் யாரையும் கைவிடுவதில்லை என்பது அடுத்த வாதம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநோயாளிகள் காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியோடு இருந்து கருகிய 28 பேருக்கும் குடும்பம் என்று ஒன்று இருந்திருக்கும். இதற்கு மேல் இந்த வாதத்தோடு எனக்குப் பேச்சில்லை.

கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். இது மேடையில் வராது, கூட்டம் முடிந்து காபி குடிக்கும்போது வரும். "ஒரு நல்ல எடத்துல முடிச்சு வெச்சுடுங்கம்மா." நோயை மறைத்து முடிப்பார்கள். மாத்திரையைப் பார்த்தால் மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று அதையும் நிறுத்துவார்கள். தூக்கம் போகும், மூன்றாம் மாதம் பெண் பிறந்த வீட்டு வாசலில் நிற்பாள். மனநிலையைக் காரணம் காட்டித் திருமணத்தை முறிக்க 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. பலர் அந்தச் சிரமத்தைக்கூட எடுத்துக்கொள்வதில்லை, விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். இப்படி வாழாவெட்டியாகத் திரும்பிய பெண்களைப் பற்றிச் சென்னையில் நடந்த ஆய்வு 2003இல் வெளிவந்தது. அவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் நோய் வந்த அவமானத்தைவிடப் புருஷன் விட்டுப்போன அவமானமே பெரிதாக உறுத்தியது என்கிறது அது. மருந்தென்று கொடுத்தது இரண்டாவது நோயாக வந்து சேர்ந்திருக்கிறது.

இனி அந்த 'வீட்டில் இருக்கிறான்' என்பதற்கு வருகிறேன். இருபது வயதில் ஒரு பையன் என்னென்ன கற்றுக்கொள்கிறான் என்று எண்ணிப் பாருங்கள். நேர்காணலில் உளறுவது, முதல் சம்பளத்தைத் தொலைப்பது, நண்பனோடு சண்டை போட்டு மறுநாள் டீக்கடையில் சமாதானமாவது, ஒரு பெண்ணிடம் பேசத் தெரியாமல் நிற்பது. இந்த நோய் பெரும்பாலும் சரியாக அந்த வயதில் வந்து அத்தனையையும் நிறுத்திவைக்கிறது. மாத்திரை குரலை அடக்கும். விட்டுப்போன வருடங்களை அது திருப்பித் தராது. அவற்றை ஆட்களோடு பழகித்தான் மீட்க வேண்டும். நாங்கள் அந்த ஆட்களைத்தான் முதலில் வெட்டிவிட்டோம். அவன் பெங்களூரில் இருப்பதாகக் கல்லூரி நண்பர்களிடம் சொன்னோம், போன் நம்பரை மாற்றினோம். அவன் பெங்களூரில் இருப்பதாகச் சொன்ன பிறகு எப்படி வாசலில் நிற்க விடுவது? விருந்தாளி வந்தால் பின்கட்டு அறைக்குப் போனான். நாளாக ஆக, கேட் சத்தம் கேட்டதும் யாரும் சொல்லாமலே எழுந்து போனான். என் கல்யாணத்தன்று அவனை மாமா வீட்டு மாடியில் உட்கார வைத்தோம். "அவனுக்குக் கூட்டம் ஆகாது" என்று எல்லோரிடமும் சொன்னேன். ஆகுமா ஆகாதா என்று அவனிடம் நான் கேட்கவில்லை. சாப்பாட்டை டிபன் கேரியரில் அனுப்பினோம். அதுவும் தாங்குவதுதான், பாசம்தான். அம்மாவின் பாசத்தில் ஒரு குறையும் இல்லை. அப்பா போன பிறகும் அவள் ஒருத்தியாக அவன் மாத்திரையை எண்ணி வைத்தாள். நாம் குடும்பம் என்று சொல்வது அநேகமாக வயதான ஒரு அம்மாவைத்தான்.

அவன் மந்தமாகிவிட்டான், பேச்சே இல்லை, அது நோயின் குணம் என்றார்கள். நோயின் குணம் கொஞ்சம், மருந்தின் பாரம் கொஞ்சம் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜான் விங்கும் ஜார்ஜ் பிரவுனும் 1960களில் இங்கிலாந்தின் மூன்று மனநல மருத்துவமனைகளில் நெடுநாள் நோயாளிகளைப் பார்த்து 1970இல் புத்தகமாக எழுதியது என்ன? செய்ய ஒன்றுமில்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரம் எங்கே குறைந்ததோ அங்கே நோயாளிகளின் நிலை தேறியது. அந்த வார்டுக்கும் எங்கள் பின்கட்டு அறைக்கும் இருந்த வித்தியாசம் அம்மா வைத்த ரசம் மட்டும். அளவுக்கு மீறிப் பொத்திப் பாதுகாக்கும் வீடுகளிலும் நோய் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம் என்ற ஆராய்ச்சியைத் தொடங்கிவைத்தவரும் அதே பிரவுன்தான்.

வேலைக்கு அனுப்பினால் டென்ஷனில் மறுபடி வந்துவிடும் என்கிறார்கள். வருடக்கணக்கில் பயிற்சி கொடுத்துப் பிறகு வேலை தேடுவதை விட்டுவிட்டு, முதலில் நிஜமான வேலையில் சேர்த்து, கூடவே நின்று கைகொடுக்கும் முறையை அமெரிக்காவில் டிரேக், பெக்கர் என்ற இருவர் உருவாக்கினார்கள். பல நாடுகளில் சோதித்ததில் அது பழைய முறையைவிட அதிகம் பேருக்கு வேலை வாங்கித் தந்தது. அதனால் நோய் கூடிவிடவில்லை. நம் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் மனநோய் உள்ளவர்களை அரசு வேலை ஒதுக்கீட்டில் சேர்த்திருக்கிறது. பத்தாம் தேதி மேடையில் ஒருவரும் இதைச் சொல்லிக் கேட்டதில்லை.

தம்பிக்கு வேலை கிடைத்தது குடும்பத்தால் அல்ல. மருத்துவமனையின் சமூகப் பணியாளர் ஒரு பெண்மணி, டைல்ஸ் கடை முதலாளியிடம் நேரில் போய், என்ன நோய், என்ன மாத்திரை, காலையில் ஏன் மெதுவாக வருவான் என்பதை மறைக்காமல் பேசினார். குடோனில் சரக்கு எழுதுகிற வேலை, பதினொரு மணியிலிருந்து அரை நாள். முதல் மாதம் இரண்டு தடவை பாதியில் திரும்பி வந்துவிட்டான். அம்மா தினம் மூன்று தரம் முதலாளிக்குப் போன் போட்டாள், அவர்தான் இனிப் போன் வேண்டாம் என்றார். மூன்று வருடம் ஆகிறது. நடுவில் ஒரு முறை தூக்கம் கெட்டு மாத்திரையைக் கூட்டினார்கள், பத்து நாள் லீவு போட்டுவிட்டுத் திரும்பப் போனான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டருகே பைக் வந்து நின்று ஹாரன் அடித்தது. குடோனில் கூட வேலை பார்க்கும் பையன். பன்னிரண்டு வருடத்தில் தம்பியைத் தேடி எங்கள் வீட்டுக்கு வந்த முதல் ஆள். தம்பி சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தான், பின்னால் ஏறி உட்கார்ந்தான். எங்கே போறீங்க, எப்ப வருவீங்க என்று கேட்க அம்மா எழுந்தாள். நான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.