திம்மய்யாவின் ராஜிநாமாவும் பூட்டிவைத்த அறிக்கையும்

மக்கள் தேர்ந்தெடுத்த அரசுக்குப் படைத் தளபதி கட்டுப்பட்டே ஆக வேண்டும். இதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. ஆனால், தளபதி சொல்லும் கசப்பான உண்மையைக் கேட்கும் கடமை அரசுக்கும் உண்டு. அந்தக் கடமையைப் புதுடெல்லி தட்டிக்கழித்தபோது என்ன நடந்தது என்பதற்கு ஜெனரல் கே.எஸ். திம்மய்யாவின் பணிக்காலம் சாட்சி.

குடகின் மடிக்கேரியில் 1906-ல் பிறந்து, குன்னூரிலும் பெங்களூரிலும் பள்ளிப் படிப்பை முடித்து, சாண்ட்ஹர்ஸ்டில் பயிற்சி பெற்றவர் திம்மய்யா. இரண்டாம் உலகப் போரின்போது போர்முனையில் ஒரு பிரிகேடுக்குத் தலைமை ஏற்ற ஒரே இந்தியர் அவர்தான்.

அவருடைய திறமைக்குச் சான்றாக, அவர் தலைமையில் நடந்த ஜோஜி லா கணவாய்ச் சண்டை ஒன்றே போதும். 1948-ல் காஷ்மீர்ப் போரின்போது லடாக்குக்கான பாதையைப் பாகிஸ்தான் தரப்பினர் அடைத்திருந்தனர். 11,500 அடிக்கு மேல், பனி மூடிய அந்தக் கணவாய்க்கு டாங்கிகளைக் கொண்டுபோகலாம் என்று எவரும் எண்ணியிருக்கவில்லை. ஸ்டூவர்ட் ரக டாங்கிகளின் மேற்கூண்டுகளைத் தனியே கழற்றி ரகசியமாக ஸ்ரீநகருக்குக் கொண்டுவந்தார்கள். பால்டாலிலிருந்து மேலேறும் கோவேறு கழுதைத் தடத்தை டாங்கி ஏறும் பாதையாக மெட்ராஸ் சாப்பர்ஸ் படையினர் அகலப்படுத்தினார்கள். நவம்பர் 1 அன்று கணவாய் இந்தியாவின் கைக்கு வந்தது; அம்மாத இறுதிக்குள் கார்கிலும் மீண்டது.

இப்படிப்பட்டவர்தான் 1957-ல் தரைப்படைத் தலைமைத் தளபதி ஆனார். பாதுகாப்பு அமைச்சர் வி.கே. கிருஷ்ண மேனனோ உயர் பதவிகளுக்கான நியமனங்களில் தளபதியின் பரிந்துரையை ஒதுக்கித் தம் விருப்பப்படி நடந்துகொண்டார். போர்முனை அனுபவம் குறைந்த ராணுவ அதிகாரி பி.எம். கவுலின் பதவி உயர்வு பெரும் சர்ச்சையானது. 1959 ஆகஸ்ட் 25 அன்று லோங்ஜு எல்லைச் சாவடியில் சீனப் படை துப்பாக்கிச் சூடு நடத்தியது. அதே மாதம் 31-ம் தேதி திம்மய்யா ராஜிநாமாக் கடிதம் கொடுத்தார். பிரதமர் நேரு பேசிப் பார்த்ததும் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பிறகு, குடிமை அரசின் அதிகாரமே மேலானது என்று நாடாளுமன்றத்தில் சொன்ன நேரு, தளபதியின் செயலைக் கண்டித்தார்.

நேரு சொன்ன கோட்பாடு சரியே. அண்டை நாடுகளில் ராணுவம் ஆட்சியைப் பறித்த காலம் அது. அவருடைய எச்சரிக்கையில் நியாயம் இருந்தது. ஆனால், தளபதியை அந்த முடிவுக்குத் தள்ளிய குறை கடைசிவரை களையப்படவில்லை. கிழக்குப் பிராந்தியத் தளபதி எஸ்.பி.பி. தோரட், சீன எல்லையைக் காக்க எவ்வளவு படை தேவை என்று கணக்கிட்டுத் தந்தார். திம்மய்யா அனுப்பிவைத்த அந்தத் திட்டத்தை மேனன் ஏற்கவில்லை. 1961-ல் திம்மய்யா ஓய்வு பெற்றபோது, அவர் பரிந்துரைத்த தோரட்டுக்குத் தலைமைப் பதவி கிடைக்கவில்லை. கவுலோ மறு ஆண்டு வடகிழக்குப் போர்முனையின் நான்காவது படையணிக்கு (கோர்) தலைமை ஏற்றார். 1962 அக்டோபர் 20 அன்று சீனா தாக்கியது. ஒரே மாதத்தில் தோல்வி நம் வாசலுக்கு வந்தது. மேனன் பதவி இழந்தார். போதிய குளிராடைகூட இல்லாமல் மலைமுகட்டில் நின்ற ஜவான்கள் உயிரையே கொடுத்தார்கள்.

அந்தத் தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் - பகத் அறிக்கை 1963-ல் அரசிடம் அளிக்கப்பட்டது. அதன் ஒரு பகுதி 2014-ல் வெளிநாட்டுப் பத்திரிகையாளர் ஒருவர் மூலம் கசிந்துவிட்டது. ஆனாலும், கட்சிகள் மாறி மாறி ஆண்டும் எந்த அரசும் அதை முறைப்படி வெளியிடவில்லை. செயல்பாட்டு ரகசியம் என்று இன்னும் சொல்வது ஏற்கத்தக்கதல்ல.

மத்திய அரசு இரண்டு காரியங்களைச் செய்ய வேண்டும். உண்மையிலேயே ரகசியமான பத்திகள் இருந்தால் அவற்றை மட்டும் நீக்கிவிட்டு, அறிக்கையை நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். முப்படைத் தளபதிகளின் எழுத்துபூர்வமான மதிப்பீடும் நியமனப் பரிந்துரையும் அமைச்சரின் மேஜையோடு நின்றுவிடாமல், பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழுவின் பதிவேட்டில் இடம்பெறுவதைக் கட்டாயமாக்க வேண்டும். பரிந்துரையை நிராகரிக்கும் உரிமை அரசுக்கு உண்டு. நிராகரித்தால் காரணத்தையும் அதே பதிவேட்டில் எழுதட்டும்.